லினக்ஸும் அக்காவின் மடிக்கணினியும்

அக்காவின் மடிக்கணினித் திரையை முழுவதுமாக மறைத்துக்கொண்டு ஓர் அறிவிப்பு வரத் தொடங்கியபோது, அவள் என்னைத்தான் முதலில் அழைத்தாள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிகிறது என்பதும், அந்தக் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறவில்லை என்பதும் அதன் சாரம். அறிவிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2015-இல் வெளிவந்த ஓர் இயங்குதளத்துக்குப் பத்தாண்டு ஆதரவு என்றார்கள், பத்தாண்டும் கொடுத்தார்கள். புதியதற்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலி என்றால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆக இருக்க வேண்டும். அக்காவுடையது 2016-இல் வாங்கிய ஆறாம் தலைமுறைக் கணினி. இரண்டு சிறு நிறுவனங்களின் கணக்குகளை வீட்டிலிருந்தே பார்ப்பவள் என்பதால் எண் விசைகளில் மூன்று தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தன. மற்றபடி அந்தக் கணினிக்கு ஒரு குறையும் இல்லை.

“நல்லா ஓடிக்கிட்டிருக்கிற மிஷினை ஏன்டா தூக்கிப் போடணும்?” என்று கேட்டாள். விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தைப் பதினெட்டு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறவனிடம் இப்படிக் கேட்பது, பட்டாசுக் கட்டின் அருகே தீக்குச்சியை உரசுவதைப் போன்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பென் டிரைவுடன் போய் நின்றேன்.

சாதாரணக் கணினிப் பயனர்கள் ஒரு நாள் லினக்ஸ் போன்ற திறந்த மூல இயங்குதளத்துக்கு, அதாவது மூலநிரலை யாரும் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய ஒன்றுக்கு, மாறுவார்களா என்ற கேள்வி லினக்ஸ் அளவுக்கே பழையது. “லினக்ஸ் மேசைக்கணினியின் ஆண்டு இதுதான்” என்ற முழக்கம் இத்தனை ஆண்டுகளாக ஒலித்து ஒலித்து, லினக்ஸ்காரர்களே தங்களைக் கேலி செய்துகொள்ளும் நகைச்சுவையாகிவிட்டது. இணையப் போக்குவரத்தைக் கொண்டு கணிக்கும் ஸ்டாட்கவுன்டரின் புள்ளிவிவரத்தில் மேசைக்கணினிகளில் லினக்ஸின் பங்கு 4 சதவீதத்தைத் தொட்டது 2024-இல்தான். லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஹெல்சிங்கி மாணவர், தாம் எழுதிவரும் இயங்குதளத்தைப் பற்றி, வெறும் பொழுதுபோக்குத்தான், பெரிதாக ஒன்றும் ஆகாது என்ற தொனியில் அறிவித்தது 1991 ஆகஸ்டில். முப்பத்து மூன்று ஆண்டுகளில் நான்கு சதவீதம் என்பது பார்வைக்குப் படுதோல்வி.

ஆனால் அதே லினக்ஸ் வேறு இடங்களில் என்ன ஆகியிருக்கிறது என்று பாருங்கள். உலகின் மிக வேகமான 500 மீக்கணினிகளின் பட்டியலில், 2017 நவம்பர் முதல் ஐந்நூறும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. ஆண்ட்ராய்டு கைபேசிகள் ஒவ்வொன்றின் அடியிலும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் இருக்கிறது. குரோம்புக் மடிக்கணினிகளிலும் அதே கதைதான். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் 2004-இல் அதன் வழுப்பட்டியலில், அதாவது சரிசெய்ய வேண்டிய பிழைகளின் பட்டியலில், முதல் வழுவாகப் பதிந்தது “மைக்ரோசாஃப்ட்டிடம் பெரும்பான்மைச் சந்தைப் பங்கு இருக்கிறது” என்பதை. 2013 மே மாதம் அதை அவரே தீர்ந்துவிட்டதாகக் குறித்து மூடினார். உபுண்டு ஜெயித்ததனால் அல்ல. கைபேசியும் கைக்கணினியும் வந்து ஆட்டக்களமே மாறிவிட்டது என்பதனால். அந்த வழுவை மூடியவிதம் எனக்கு அன்று ஏமாற்றமாக இருந்தது. இப்போது நினைத்தால், கேள்விக்கான விடையில் பாதி அதில்தான் இருந்திருக்கிறது என்று படுகிறது. ஆண்ட்ராய்டு கைபேசி வாங்கியவர் எவரும் லினக்ஸுக்கு “மாறவில்லை”. கைபேசி வாங்கினார், அதற்குள் எது இருந்ததோ அதைப் பயன்படுத்தினார். விண்டோஸ் விஷயத்திலும் பெரும்பாலோர் செய்தது இதையேதான். இயங்குதளம் என்பது மக்கள் தேர்ந்தெடுக்கிற பொருள் அல்ல, வாங்கிய பொருளோடு வந்து சேர்கிற ஒன்று. வீடு வாங்குகிறவர் சுவரின் நிறத்தைப் பார்ப்பார், சுவருக்குள் ஓடும் கம்பியின் தரத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள்?

சரி, அக்காவின் ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். தொடக்கநிலைப் பயனர்களுக்கு ஏற்றது என்று பெயரெடுத்த ஒரு வழங்கலை (லினக்ஸின் பல வகைகளில் ஒன்றை)ப் பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுபோயிருந்தேன். நிறுவாமலேயே அதிலிருந்து பூட் செய்து பார்க்கும் வசதியைத்தான் முதலில் காட்டினேன். திரை வந்ததும் அக்காவுக்குப் பிடித்திருந்தது. கீழே பட்டை, இடது மூலையில் பட்டி, கோப்புறைகள் எல்லாம் பழகிய இடத்திலேயே. “இவ்வளவுதானா?” என்றாள். அந்தச் சொல்லில் மயங்கி அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

அடுத்த கட்டம் வைஃபை. கணினியில் இருந்த வைஃபை சில்லை இயக்கும் மென்பொருளான டிரைவர் திறந்த உரிமத்தில் இல்லாததால் நிறுவி ஊடகத்தில் அது சேர்க்கப்படவில்லை. இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். இணையத்துக்குப் போக வைஃபை வேண்டும். என் கைபேசியைக் கம்பியால் கணினியில் மாட்டி, அதன் இணைப்பை இரவல் கொடுத்து, டிரைவரை இறக்கி முடித்தேன். பத்து நிமிட வேலைதான். பழகியவனுக்குப் பத்து நிமிடம், பழகாதவருக்கு அதுவே பயணத்தின் முடிவு. அப்போது நான் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

பிறகு வன்தட்டைப் பிரிக்கும் கட்டம். விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே லினக்ஸை வைப்பதாக ஏற்பாடு. வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறதா, அப்படியானால் அதன் 48 இலக்க மீட்பு விசை கையில் இருக்கிறதா என்று பார்க்காமல் இந்த வேலையில் இறங்கக்கூடாது. அக்காவின் கணக்கில் அந்த விசை பத்திரமாக இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அதை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். எட்டுத் தொகுதிகள், தொகுதிக்கு ஆறு இலக்கம். எழுதி முடித்துவிட்டு, மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போட்டு, கணக்குப் புத்தகத்தில் இறுதித் தொகையை எழுதுவதுபோல அதைச் சுற்றிக் கட்டமும் போட்டாள். நிறுவியின் திரையில், வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவுக என்ற தெரிவுதான் முதலில் நின்றது. நான் இரண்டாவதற்குச் சுட்டியை நகர்த்தும்வரை அக்கா மூச்சு விட்டதாகத் தெரியவில்லை.

வேலை முடிந்ததும் அச்சுப்பொறியை மாட்டினேன். லினக்ஸில் அச்சுப்பொறி என்றால் ஒரு காலத்தில் தலைவலி என்று பொருள். இப்போதைய கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு டிரைவரே தேவையில்லை. அச்சுப்பொறியும் கணினியும் ஒரு பொது நெறிமுறையில் பேசிக்கொள்கின்றன. அக்காவுடையது ஒரு நொடியில் தானாகவே பட்டியலில் வந்து நின்றது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கு விதை போட்டதே ஓர் அச்சுப்பொறிதான் என்பது நினைவுக்கு வந்தது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு வந்த ஓர் அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் எல்லாருக்கும் தகவல் போகும்படி செய்ய நினைத்த ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கு அதன் மூலநிரல் கிடைக்கவில்லை. அந்த மனத்தாங்கல் வளர்ந்துதான் 1983-இல் ஜிஎன்யூ என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டமாக அறிவிப்பானது. இதை அக்காவிடம் சொன்னேன். ஏதோ ஒரு கடன் பாக்கியைப் பற்றிக் கேட்கும் முகபாவத்தோடு கேட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு அழைப்பு வந்தது. அவளுடைய சம்பளக் கணக்கு விரிதாளில் ஒரு பொத்தான் உண்டு. மாதக் கடைசியில் அதை அழுத்தினால், அந்த மாதத்தின் எண்களைத் தனித் தாளுக்கு நகலெடுத்து, மொத்தங்களைப் புதுப்பித்து, அடுத்த மாதத்துக்கு வெற்றுப் பக்கம் ஒன்றைத் தயார் செய்துவிடும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சக ஊழியர் எழுதிக் கொடுத்த மேக்ரோ அது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. லினக்ஸில் இருந்த மாற்றுச் செயலி அந்த விரிதாளைத் திறந்தது. எண்கள் சரியாக இருந்தன. பொத்தானும் அதே இடத்தில், அதே பச்சை நிறத்தில் இருந்தது. அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. பிழைச்செய்தி வந்திருந்தாலாவது எதையாவது பிடித்துக்கொண்டு போயிருக்கலாம். மைக்ரோசாஃப்ட்டின் விஷுவல் பேசிக் நிரல்மொழியில் எழுதிய மேக்ரோக்களை மாற்றுச் செயலிகள் ஓரளவுக்குத்தான் ஓட்டும் என்பது எனக்குத் தெரிந்த செய்தியே. அதை அக்காவிடம் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். நான் பட்டி, கோப்புறை, வேகம் என்று என் கண்ணுக்குப் பட்டதையெல்லாம் காட்டினேனே ஒழிய, அவள் மாதக் கடைசியில் என்ன செய்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திறந்த மூல மென்பொருள் என்றாலே மக்கள் ஒதுங்குகிறார்கள் என்பது உண்மையல்ல. 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்தபோது, அதுவரை உலாவி என்றால் என்னவென்றே கேட்டிராதவர்கள்கூடத் தேடிப் பிடித்து நிறுவினார்கள். படம் பார்க்க உதவும் விஎல்சி இல்லாத கணினியை இன்றும் தேடித்தான் பார்க்க வேண்டும். இவற்றுக்கு வழிவிட்டவர்கள் லினக்ஸுக்கு மட்டும் ஏன் கதவடைக்கிறார்கள்? காரணம் எளிமையானது. புதிய உலாவியை நிறுவினால் பழையது அங்கேயே இருக்கும்; பிடிக்காவிட்டால் பழையதைத் திறந்துகொள்ளலாம், தலைபோகிற காரியம் எதுவுமில்லை. இயங்குதளத்தை மாற்றுவது அப்படியல்ல. அது நிற்கும் தரையையே பெயர்த்தெடுப்பது. ஒரு செயலிக்காகக் கணினியை அணைத்து மறுபடி ஏற்ற வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்திருந்தால் அதற்கென்று தனித் தொல்லைகளும் வரும். அவற்றில் ஒன்று அந்த வாரமே வந்தது. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் பல மணி நேரம் தப்பாகக் காட்டியது. தாய்ப்பலகையில் பேட்டரியில் ஓடும் சிறு கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் கொள்ளும். லினக்ஸ் அதை உலகப் பொது நேரமாகக் கொள்ளும். ஒரே கடிகாரம், இரண்டு வாசிப்பு. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தில் ஒரே ஒரு வரி கட்டளையில் தீர்த்துவிட்டேன்.

“சரிடா, நீ இல்லன்னா இதை நான் எப்படிக் கண்டுபிடிச்சிருப்பேன்?” என்று கேட்டாள்.

இத்தனை ஆண்டுகளில் லினக்ஸைப் பற்றி நான் படித்த வாதங்கள் எல்லாவற்றையும்விட இந்தக் கேள்வி கனமானது. விண்டோஸில் பிரச்சினைகள் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அங்கே பிரச்சினை வந்தால் கேட்பதற்கு ஆள் இருக்கிறார்: பக்கத்து மேசைக்காரர், பழுதுபார்ப்பவர், தம்பி மகன் என்று யாராவது ஒருவர். லினக்ஸ் வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் ஒரே ஓர் ஆள்தான், அதை நிறுவிக் கொடுத்தவர். உரிமக் கட்டணம் இல்லை என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அந்தக் கட்டணத்தை ஞாயிற்றுக்கிழமைகளாகச் செலுத்துபவர் யார் என்று சொல்வதில்லை.

அத்தானின் கதை வேறு. வீட்டிலும் அலுவலகத்திலும் கணினி நின்றுவிட்டால் அழைக்கப்படும் மனிதர் அவர். விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் எந்த வரியை மாற்றினால் எது சரியாகும், எந்தக் கோப்புறையைக் காலி செய்தால் வேகம் கூடும் என்பதெல்லாம் விரல்நுனியில். ஆர்வமாக உட்கார்ந்தவர் கால்மணி நேரத்தில் எழுந்துவிட்டார். “சி டிரைவ் எங்கேப்பா?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. எல்லாம் ஒரே சாய்கோட்டின் கீழ் கிளை பிரிவதை விளக்கினேன்; புரிந்தது, ஆனால் பிடிக்கவில்லை. கணினியே அறியாதவருக்கு மாறுவது எளிது, கரைகண்டவருக்கும் எளிது. நடுவில் இருக்கிறவருக்குத்தான் கடினம் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இருபது ஆண்டுகளாகச் சேர்த்த கைத்திறன் செல்லாக்காசாகிவிடும் இடத்துக்கு யார்தான் மகிழ்ச்சியோடு போவார்கள்? அத்தானிடம் சோம்பல் இல்லை. அவர் இழக்கவிருந்தது வெறும் பழக்கத்தையும் அல்ல, நான்கு பேர் மதித்துக் கூப்பிடும் இடத்தை.

அப்பாவோ நேர் எதிர். அவருடைய பழைய மேசைக்கணினியில் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே லினக்ஸைப் போட்டுவிட்டேன். அவருக்கு வேண்டியது உலாவி, மின்னஞ்சல், பேரப்பிள்ளைகளோடு காணொலி அழைப்பு, நாளிதழ். மாற்றியதைச் சொன்னபோது, “எழுத்துப் பெருசா தெரியுது, நல்லாயிருக்கு” என்றார். அந்தப் பெருமை லினக்ஸைச் சேராது. நான் எழுத்தின் அளவைக் கூட்டி வைத்திருந்தேன், அவ்வளவுதான். இன்று பெரும்பாலோரின் கணினி வேலை உலாவிக்குள் நடக்கிறது. உலாவிக்குக் கீழே எது இருந்தால் என்ன என்ற நிலை வரவர வலுப்படுகிறது. லினக்ஸுக்கு வழி திறந்திருப்பது இங்கேதான். இதில் ஒரு வேடிக்கை, அதே நேரத்தில் கட்டற்ற மென்பொருளின் அடிப்படை நோக்கம் கரைந்துபோவதும் இங்கேதான். அப்பாவின் கணினியில் இருக்கும் ஒவ்வொரு நிரலின் மூலத்தையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவருடைய அஞ்சலும் படங்களும் இருப்பதோ யாரும் பார்க்க முடியாத நிரல் ஓடும் வேறெவருடைய கணினியிலோ.

தனி ஆட்களைவிட நிறுவனங்களின் அனுபவம் இதில் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்தபோது, மைக்ரோசாஃப்ட்டின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஸ்டீவ் பால்மர் தம் பனிச்சறுக்கு விடுமுறையை இடையில் விட்டுவிட்டு மேயரைச் சந்திக்கப் போனார். அப்படியும் நகராட்சி மசியவில்லை. பத்தாண்டுகள் பாடுபட்டு ஏறக்குறைய 15,000 கணினிகளை மாற்றியது. பிறகு மேயர் மாறினார், காற்றும் மாறியது. 2017-இல் நகர மன்றம் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. பிரான்ஸின் ஜாந்தார்மெரி காவல்படை வேறு வழியில் போனது. முதலில் 2005-இல் அலுவலகச் செயலிகளை மட்டும் திறந்த மூலத்துக்கு மாற்றியது. அடுத்து உலாவியையும் மின்னஞ்சலையும். அவற்றில் கை பழகிய பிறகே 2008-இல் அடியில் இருந்த விண்டோஸை எடுத்துவிட்டு உபுண்டுவை வைக்கத் தொடங்கியது. ஆட்கள் காலையில் திறப்பது நேற்றுத் திறந்த அதே செயலியைத்தான் என்பதால் தரை மாறியது பெரிதாகத் தெரியவில்லை. பல்லாயிரம் கணினிகளில் அந்த ஏற்பாடு இன்றும் ஓடுகிறது. அக்காவுக்கு நான் செய்தது இதற்குத் தலைகீழ்.

கடையில் வாங்கும்போதே உள்ளே இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. 2007-இல் ஆசுஸ் நிறுவனத்தின் ஈ பிசி என்ற ஏழு அங்குலத் திரைக் குட்டி மடிக்கணினி லினக்ஸோடுதான் வந்தது, நன்றாகவும் விற்றது. மைக்ரோசாஃப்ட் விழித்துக்கொண்டு, ஓய்வுபெறவிருந்த விண்டோஸ் எக்ஸ்பியை இந்தக் குட்டிக் கணினிகளுக்காக மட்டும் நீட்டித்தது. சில ஆண்டுகளில் அந்தச் சந்தையில் லினக்ஸ் இருந்த தடமே இல்லை. 2022-இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி தப்பித்ததற்குக் காரணம், அந்நிறுவனம் முன்வேலையை ஒழுங்காகச் செய்ததுதான். விண்டோஸுக்கென்று எழுதிய விளையாட்டுகளை லினக்ஸில் ஓடவைக்கும் புரோட்டான் என்ற அடுக்கை 2018-லேயே வெளியிட்டு, ஆண்டுக்கணக்கில் ஆட்களை அமர்த்தி அதைச் செப்பனிட்டது. வாங்குகிறவர் மூலநிரலைப் பற்றி நினைக்கவே தேவையில்லை. விளையாட்டு ஓடுகிறது, ஓடாவிட்டால் கேட்பதற்கு ஒரு முகவரி இருக்கிறது. கெர்னல் வரை இறங்கி ஏமாற்றைத் தடுக்கும் மென்பொருளைக் கேட்கும் சில இணைய விளையாட்டுகள் மட்டும் இன்னும் பிடிகொடுக்கவில்லை.

எங்கள் தரப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். புதிதாக வருகிறவர் எந்த வழங்கலைப் போடலாம் என்று கேட்டால், நான்கு பேர் ஆறு பெயர் சொல்வோம். பிறகு அவரை மறந்துவிட்டு எங்களுக்குள் சண்டை போடுவோம். ஒலி வரவில்லை என்று கேட்பவருக்கு, என்ன செய்யும் என்று சொல்லாமலேயே மூன்று வரிக் கட்டளையைக் கொடுத்து முனையத்தில் ஒட்டச் சொல்வோம். தெரியாத கட்டளையை ஓட்டாதே என்பதும் நாங்களே சொல்லும் அறிவுரை. கேட்பவர் எதைப் பின்பற்றுவார்? இதை நானும் செய்திருக்கிறேன் என்பதால்தான் சொல்கிறேன்.

அக்காவின் மடிக்கணினியில் இப்போது இரண்டும் இருக்கின்றன. கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புகளுக்குப் பதிந்துகொண்டு 2026 அக்டோபர் வரை விண்டோஸ் 10-க்கு ஆயுள் வாங்கியாகிவிட்டது. மாதக் கடைசியில் அதைத் திறந்து அந்தப் பச்சைப் பொத்தானை அழுத்துகிறாள். மற்ற நாள்களில் லினக்ஸ். அந்த மேக்ரோவுக்குள் என்ன இருக்கிறது என்று நானும் அவளும் வரிவரியாகப் படித்துக்கொண்டிருக்கிறோம். பாதி புரிந்துவிட்டது, மீதியில் எட்டு ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்ட ஒரு கிளையின் பெயர் மூன்று இடத்தில் வருகிறது, எதற்கென்று தெரியவில்லை.

போன மாதம் சில வாரங்கள் வெளியூர் போக வேண்டியிருந்தது. போவதற்கு முன், அப்பாவின் கணினிக்கு அருகில் ஒரு குறிப்பேட்டை வைத்து, “நான் இல்லாதபோது” என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் எழுதினேன். திரை உறைந்தால் எந்த விசைகளை அழுத்த வேண்டும், புதுப்பிப்பு கேட்டால் என்ன சொல்ல வேண்டும், இணையம் வராவிட்டால் எதை அணைத்துப் போட வேண்டும் என்று ஏழு வரிகள். திரும்பி வந்து பார்த்தபோது, அதன் கீழே அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில் எட்டாவதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: “பிரின்டர் வரவில்லை என்றால் முதலில் சுவரில் சுவிட்சைப் பார்க்கவும்.”